கடலடிச் சேறும் முடிச்சூர் வெள்ளமும்

கடலாராய்ச்சியில் வேலை பார்த்தவள் என்று என்னை அறிமுகப்படுத்துவார்கள். ஆழ்கடலுக்கு நான் போனதே இல்லை. கப்பலில் போகிறவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்போதெல்லாம் என் பெயரைத் தேடுவேன். இருக்காது. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டேன். போனவர்கள் வெயிலில் கறுத்து, புயலில் கப்பல் ஆடிய கதையும் வாந்தி எடுத்த கதையுமாகத் திரும்புவார்கள். அவர்கள் கொண்டுவந்த சேறு எனக்கு வந்து சேரும்.

பொறாமை இருந்தது. ஓய்வு பெற்றாயிற்று, இனி அதைச் சொல்வதில் என்ன வெட்கம்? தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்குப் போகும்போதெல்லாம், பக்கத்து இருக்கைக்காரியிடம் என் வேலையை எப்படி விளக்குவது என்று தெரியாமல் "அரசு வேலை" என்று மட்டும் சொல்லித் தப்பித்திருக்கிறேன்.

வேலை இதுதான். கோர் என்பது நீண்ட குழாய். அதைக் கப்பலிலிருந்து இறக்கிக் கடலடித் தரையில் செருகி, உள்ளே ஏறிய சேற்றை அடுக்கு கலையாமல் மேலே தூக்குவார்கள். மேல்நுனி புதிய சேறு. கீழே போகப் போகப் பழையது. குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் காப்பகத்தில் வைத்துவிட்டு, மறுபாதியை சென்டிமீட்டர் கணக்கில் வெட்டி, பையில் போட்டு எண் எழுதுவார்கள். பை என் மேசைக்கு வரும். 63 மைக்ரான் சல்லடையில் தண்ணீர் விட்டு அலசினால் களிமண் ஓடிவிடும். மிஞ்சுவது பார்வைக்கு வெறும் மணல். உலர்த்தி நுண்ணோக்கியின் கீழே வைத்தால் அது மணலில்லை. பாதிக்கு மேல் ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகளின் சுண்ணாம்பு ஓடுகள். ஆய்வுக்கூடத்தில் சுருக்கமாக ஃபொராம் என்போம். அவற்றில் குளோபிஜெரினாய்டஸ் ரூபர் என்ற இனத்தை மட்டும், ஒரே அளவில் உள்ளவையாகப் பார்த்து, மிக மெல்லிய தூரிகை நுனியை ஈரப்படுத்தித் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மின்விசிறி போட முடியாது. காற்றடித்தால் இருபதாயிரம் வருடம் பறந்துவிடும். தும்மல் வந்தால் மேசையை விட்டு எழுந்து ஓட வேண்டும்.

என் மாமியார் ஒருநாள் கேட்டார்: "அரிசில கல்லு பொறுக்கறதுக்கா எம்.எஸ்ஸி. படிச்ச? அதை நம்ம வீட்டு முறத்துலயே பண்ணலாமே." அதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை கேட்கவில்லை.

ஆனாலும் இந்தப் பொறுக்கலுக்குள் ஒரு பெரிய கணக்கு இருந்தது. ஆக்சிஜனில் 16 என்ற லேசானதும் 18 என்ற கனமானதும் உண்டு. கடல்நீர் ஆவியாகும்போது லேசானது சற்றுக் கூடுதலாகக் கிளம்பிப் போகும். அந்த ஆவி மழையாகி ஆற்றில் திரும்பி வந்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். துருவத்தில் பனியாகத் தங்கிவிட்டால், கடலில் கனமான ஆக்சிஜனின் பங்கு கூடிப்போகும். ஃபொராம் தன் ஓட்டைக் கட்டுவது தன்னைச் சுற்றியுள்ள நீரைக் கொண்டுதான். அது செத்து அடியில் விழுந்த பிறகும் அந்த விகிதம் ஓட்டுக்குள் அப்படியே இருக்கும். ஓட்டை பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து, வெளிவரும் கரியமில வாயுவை நிறை நிறமாலைமானியில் அளந்தால் போதும்.

1947ல் ஹெரால்ட் யூரி இது முடியும் என்றார். 1955ல் சிசாரே எமிலியானி ஆழ்கடல் கோர்களில் பனியுகங்கள் மாறி மாறி வந்ததைக் காட்டினார். எமிலியானி பெரும்பாலும் வெப்பநிலையைப் பார்ப்பதாக நினைத்தார். 1967ல் நிக்கோலஸ் ஷாக்கிள்டன் வந்து, இதில் பெரும்பங்கு பனியின் அளவு, அதாவது கடல்மட்டம், என்று திருத்தினார். 1976ல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் எழுதிய கட்டுரைதான் என்னை இந்தத் துறையில் பிடித்து நிறுத்தியது. பூமி சூரியனைச் சுற்றும் பாதையில் ஏற்படும் சிறு மாற்றங்கள்தாம் பனியுகங்களுக்குத் தாளம் போடுகின்றன என்று அதில் நிறுவினார்கள்: ஏறத்தாழ 1,00,000 ஆண்டு, 41,000 ஆண்டு, 23,000 ஆண்டு என்ற சுழற்சிகள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய இரண்டு கோர்களும் தெற்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து எடுத்தவை. நம் கடல். எனக்கு அதில் கொஞ்சம் பெருமிதம். எனக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாவிட்டாலும்.

வங்கக் கடலில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது, அதனாலேயே சுவையானது. கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கோதாவரியும் கொட்டும் நன்னீர் வங்கக் கடலின் மேல்மட்டத்தில் மிதந்து பரவுகிறது. ஆற்றுநீரில் கனமான ஆக்சிஜன் குறைவு. மழை வலுத்த காலத்து ஓடுகள் லேசாகவும், மழை தளர்ந்த காலத்து ஓடுகள் கனமாகவும் இருக்கும். ஆனால் வெப்பநிலையும் அதே விகிதத்தை மாற்றும். எனவே அதே ஓட்டில் மக்னீசியம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று தனியாகப் பார்த்து வெப்பத்தைக் கழிக்க வேண்டும். உலகப் பனியின் பங்கையும் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் உப்பு. உப்பிலிருந்து ஆற்றுநீர், ஆற்றுநீரிலிருந்து மழை. ஒவ்வொரு கழித்தலிலும் ஒரு பிழை ஒட்டிக்கொண்டு வரும். கடைசியில் வரையும் கோட்டுக்கு இருபுறமும் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை போடுவோம். கோட்டைப் பார்த்துப் பேசுகிறவர்கள் அதிகம்; பட்டையைப் பார்த்துப் பேசக் கற்றவர்கள்தான் இந்தத் தொழிலில் நிலைப்பார்கள்.

வயதைச் சொல்லவும் வழிகள் உண்டு. சுமார் 50,000 ஆண்டு வரை கார்பன் 14 கைகொடுக்கும். அதற்குக் கீழே எனக்குப் பிடித்த அடையாளம் ஒன்று: சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் டோபா எரிமலை வெடித்தபோது பறந்த சாம்பல். வங்கக் கடலின் பல கோர்களில் அது தனி அடுக்காகக் கிடைக்கும். ஆந்திராவில் ஜ்வாலாபுரத்தில் நிலத்திலும் கிடைத்திருக்கிறது. ஃபொராம்களுக்கு நடுவே அந்தக் கூரான எரிமலைக் கண்ணாடித் துகள்களை முதன்முதலாகப் பார்த்த அன்று மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

பள்ளிகளில் பேசக் கூப்பிடுவார்கள். எங்கே போனாலும் கடைசியில் ஒரு கை உயரும்: "அப்படின்னா குமரிக்கண்டம்?" அந்தக் கேள்விக்கு நான் எரிச்சல்படுவதில்லை. சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணையில் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. எனவே தமிழகத்துக்கும் இலங்கைக்கும் நடுவே தரை இருந்தது. நம் கரையோரம் முழுவதும் பல கிலோமீட்டர் அகல நிலம் கடலுக்குள் போயிருக்கிறது. அது உண்மை. ஆனால் குமரிக்குத் தெற்கே கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். 120 மீட்டர் இறங்கினால் அங்கே கண்டம் எழாது. குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் லெமூரியா என்ற பெயரே 1864ல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற விலங்கியலாளர் லெமூர்களின் பரவலை விளக்குவதற்காக வைத்தது. கண்டப் பெயர்ச்சி புரிந்த பிறகு அந்தத் தேவையே போய்விட்டது. இதைச் சொல்லும்போது சில ஆசிரியர்களின் முகம் வாடும். கடல்கோளின் நினைவு பொய்யென்று நான் சொல்லவில்லை, அளவைத்தான் சொல்கிறேன்.

2014 நவம்பர் இறுதியில் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் இந்தியப் பருவமழையின் வரலாற்றைத் தேடி வங்கக் கடலுக்குக் கிளம்பியது. பன்னாட்டுப் பெருங்கடல் கண்டறிதல் திட்டத்தின் 353ஆவது பயணம் அது. ஸ்டீவன் கிளெமென்ஸும் வொல்ஃப்காங் குன்ட்டும் தலைமை தாங்கினார்கள். மகாநதிக்கு எதிரே யு1446 என்று எண்ணிட்ட இடத்தில் எடுத்த கோரை வைத்து, 2021ல் கிளெமென்ஸ் குழு கடந்த 9,00,000 ஆண்டுகளின் மழையை எழுதியது. கரியமில வாயு கூடியபோது, பனி குறைந்தபோது, தெற்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து ஈரம் அதிகம் வந்தபோது, தென்மேற்குப் பருவமழையும் கூடியிருக்கிறது. இனி வரும் வெப்பத்தில் மழை கூடும் என்று கணினி மாதிரிகள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. கப்பல் 2015 ஜனவரி கடைசியில் வேலையை முடித்தது. அந்தக் கட்டுரையை வாசிக்க வாசிக்க எனக்கு மலைப்பாக இருந்தது. பழைய பொறாமையும் எட்டிப்பார்த்தது.

கப்பல் வேலையை முடித்த அதே 2015ன் டிசம்பர் முதல் தேதி.

என் தம்பி முடிச்சூரில் வீடு கட்டியிருந்தான். நாங்கள் சேலையூர்ப் பக்கம், சற்று மேட்டில். டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. எங்களுக்கு மின்சாரம் போனது, அவ்வளவுதான். தம்பி வீட்டில் இருட்டில் தண்ணீர் கூடத்துக்குள் வந்து, படுக்கை, பிரிட்ஜ் என்று ஏறி, அவர்கள் மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள். போன் எடுக்கவில்லை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டு ஆட்களை ஏற்றுகிறார்கள் என்று வானொலியில் கேட்டோம். ஊருக்குள் படகு. பிறகு அவனும் குடும்பமும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

தண்ணீர் வடிந்ததும் சுத்தம் பண்ணப் போனோம். கூடத்துத் தரை முழுக்க வழவழவென்று ஒரு படிவு. நான் என்னையறியாமல் விரலால் வழித்துப் பார்த்தேன்: அடியில் பருமணல், மேலே நுண்களி. வெள்ளம் வேகமாக வந்து, பிறகு நின்று, மெல்ல வடிந்திருக்கிறது என்று அர்த்தம். பாடப்புத்தகத்தில் படித்தது மொசைக் தரையில் கிடந்தது. தம்பி துடைப்பத்தோடு நின்று என்னைப் பார்த்தான்.

"அக்கா, லட்ச வருஷத்து மழைக்குக் கணக்கு பண்றியே. இந்தத் தண்ணி திரும்ப எப்ப வரும்னு சொல்லேன். இந்த வீட்டை வெச்சிருக்கறதா, விக்கறதா?"

நான் ஏதோ சொன்னேன். எல் நினோ, நிகழ்தகவு, பதிவுகளின் போதாமை என்று. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி விடு" என்று தரையைத் தள்ளப் போய்விட்டான். கருத்தரங்கில் என்னை யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அங்கே அந்தப் பதில் எடுபட்டிருக்கும்.

என்னால் ஏன் சொல்ல முடியவில்லை என்பதைப் பிறகு நிதானமாக யோசித்தேன். வங்கக் கடல் கோர் பேசுவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையை. கங்கைச் சமவெளியிலும் ஒடிசாவிலும் தக்காணத்திலும் பெய்து ஆறாக வருவதை. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வருவது. அடையாறும் கூவமும் கடலுக்குக் கொண்டுபோகும் நீரை கங்கை நீருக்குப் பக்கத்தில் வைத்தால் ஓட்டில் அதன் அடையாளமே தெரியாது. அதோடு, வேகமாகப் படியும் இடத்தில்கூட ஒரு சென்டிமீட்டர் சேறு என்பது பல பத்தாண்டுகள். ஆழ்கடலில் அது பல நூற்றாண்டு. கடலடிப் புழுக்கள் மேலடுக்கைக் குடைந்து குடைந்து கலந்துவிடுகின்றன. நான் பொறுக்கிய ஒரு தட்டு ஓடுகளில் தாத்தாவும் கொள்ளுப்பேரனும் ஒன்றாகக் கிடந்தார்கள். ஒரே ராத்திரியில் பெய்த 49 சென்டிமீட்டர் அதில் எங்கே தெரியும்?

நான்கு ஆண்டு கழித்து, 2019 ஜூனில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிப்போய், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோதும் இதே கேள்வி வேறு வாயிலிருந்து வந்தது. எதிர்வீட்டுக்காரர் கேட்டார்: "மேடம், இது வழக்கமா வர்ற வறட்சிதானா?" ஐந்து வருடத்துக்குள் வெள்ளமும் வறட்சியும் பார்த்த ஊருக்கு, ஆயிரம் வருடச் சராசரி எதற்கு உதவும்?

பதில் கிடைத்தது பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில். உறவினர் ஒருவர் நாராயணபுரம் ஏரிக்கு அப்பால் அடுக்குமாடி கட்டும் குழுவில் பங்கு போட்டிருந்தார். "நீதான் மண்ணு படிச்சவளாச்சே, வந்து பாரேன்" என்று கூட்டிப்போனார். அங்கே சாயில் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. முக்காலி நட்டு, 63.5 கிலோ சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று ஒரு பையன் எண்ணிக்கொண்டிருந்தான். அந்த எண்ணிக்கையை 'என் வேல்யூ' என்பார்கள். மேலே கட்டட இடிபாடும் குப்பையும் கலந்த கொட்டிய மண். அதற்குக் கீழே கருப்பாக, பிசுபிசுவென்று ஒரு களி. சம்மட்டியை மேலே வைத்ததுமே குழாய் தானாகவே இறங்கியது. அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அதற்கும் கீழே மணல், பிறகு சிதைந்த சார்னோகைட் பாறை. பல்லாவரம், திரிசூலம் குன்றுகளில் தலைகாட்டும் அதே பாறை, இங்கே பூமிக்குள்.

குழாயைத் திறந்து களியை வெளியே போட்டதும் அந்த அழுகிய முட்டை நாற்றம் வந்தது. எனக்குப் பழக்கப்பட்ட நாற்றம். சின்னச் சின்னச் சிப்பிகள் தெரிந்தன. ஒரு கைப்பிடி கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தப் பையன் சிரித்தான்: "எடுத்துக்கோங்க மேடம், இது எங்களுக்கு வேஸ்ட்டு."

சல்லடையில் அலசிப் பார்த்தேன். அம்மோனியா என்ற ஃபொராம் பேரினம் கிடைத்தது. உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்தில் தாராளமாக வாழ்வது; இன்றும் அடையாறு முகத்துவாரத்திலும் முட்டுக்காட்டிலும் சேற்றை அள்ளினால் பார்க்கலாம். களி எடுத்த இடமோ கடற்கரை இல்லை, கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே.

ஒரு கைப்பிடி மண் ஆய்வு ஆகிவிடாது. வயது பார்க்கவில்லை. மேலிருந்து சரிந்து விழுந்ததா, இடத்திலேயே படிந்ததா என்று சோதிக்கவில்லை. வேறு யாராவது இதை எழுதி அனுப்பியிருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் இது தனியாக நிற்கும் சேதியும் இல்லை. பனி உருகிக் கடல் ஏறி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கியது; பிறகு சில ஆயிரம் ஆண்டுகள் நம் கிழக்குக் கரையில் இன்றைவிடச் சற்று மேலேயே நின்றது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பழவேற்காட்டுச் சேற்றை வைத்து அஞ்சும் ஃபாரூக்கியும் ஜி.ஜி. வாஸும் 2000ல் கரண்ட் சயின்ஸ் இதழில் கடல் உள்ளே வந்து பின்வாங்கிய கதையை எழுதினார்கள். கடல் பின்வாங்கிய இடத்தில் மணல்மேடு முன்னே நிற்க, பின்னால் பள்ளம் தங்கும். அந்தப் பள்ளம்தான் நம் கழுவெளி.

அந்தக் களியை வைத்துக்கொண்டு தாம்பரத்தைப் பார்த்தால் எல்லாம் வேறாகத் தெரிந்தது. ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் பாதையும் ஏறத்தாழ ஒரு மேட்டின் மேல் ஓடுகின்றன. மேற்கே விழும் மழை பீர்க்கன்காரணை, இரும்புலியூர் ஏரிகளைத் தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக அடையாற்றுக்குப் போகும். கிழக்கே விழுவது சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி கலங்கல் வழியாக இறங்கிப் பள்ளிக்கரணைக்கு வரும். இப்படி 31 ஏரிகள் என்று கணக்கு சொல்வார்கள். பள்ளிக்கரணையில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளத்தில் கடல். கடலுக்குப் போக ஒரே ஒரு மெல்லிய வாசல். சில ஆயிரம் ஆண்டுகளாகத் தண்ணீர் அங்கே நின்றிருக்கிறது என்பதற்கு அந்தக் கருங்களியே சாட்சி. ஓடும் தண்ணீர் அவ்வளவு நுண்ணிய களியைப் படியவிடாது.

5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சதுப்பு, குப்பைக் கிடங்கு, சாலை, ஐ.டி. வளாகங்கள், எங்களைப் போன்றவர்களின் வீடுகள் என்று சுருங்கி, பத்தில் ஒரு பங்கை நெருங்கியது. தேசிய கடல் தொழில்நுட்பக் கழகமே வேளச்சேரி – தாம்பரம் சாலையில் அதன் விளிம்பில்தான் நிற்கிறது. 2007ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022ல் 1,247.54 ஹெக்டேர் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையோரம் நின்று பெய்தபோது, தண்ணீர் பட்டியல் பார்த்து வரவில்லை. பழைய பள்ளத்தைப் பார்த்து வந்தது. வேளச்சேரியில், பெரும்பாக்கத்தில், மறுபுறம் முடிச்சூரில்.

புயலை அடுத்து வந்த பொங்கலுக்குப் போனபோது தம்பியிடம் சொன்னேன். எப்போது வரும் என்று என் சேறு சொல்லாது. யார் சொன்னாலும் நம்பாதே. எங்கே வரும் என்பதை உன் தெருவுக்கு அடியில் இருக்கிற மண் சொல்லும், அது ஏற்கெனவே சொல்லிவிட்டது. அவன் வீட்டை விற்கவில்லை. தரைத்தளத்தை வண்டி நிறுத்த விட்டுவிட்டு, மேலே கட்டிக் குடியேறினான். "இதைச் சொல்ல உனக்கு எட்டு வருஷமா?" என்றான். நியாயமான கேள்வி.

வாழ்நாள் முழுக்க எட்டாத கடலடிச் சேற்றுக்காக ஏங்கிய எனக்கு, எட்டும் தூரத்தில் இருந்த சேறு கண்ணில் படவில்லை. இதைப் பெரிய ஞானோதயமாக நான் சொல்லவில்லை. கடலடிச் சேறும் தேவைதான். உலகம் எந்தப் பக்கம் போகிறது, மழை மொத்தத்தில் கூடுமா குறையுமா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி குறைவு. கோதாவரிக்கு எதிரே, 2006ல் எரிவாயு ஹைட்ரேட் தேடப்போன இடத்தில் எடுத்த கோர் ஒன்று இருக்கிறது. அதில் இருந்த இலை மெழுகைக் கொண்டு 2012ல் ஒரு குழு, சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்தே தக்காணம் படிப்படியாக வறண்டதைக் காட்டியது. எரிவாயுவுக்காகத் தோண்டியது மழையின் வரலாறாகப் பயன்பட்டது. அப்படியானால் கட்டடத்துக்காகத் தோண்டுவது?

தென்சென்னையில் கடந்த முப்பது ஆண்டுகளில் எழுந்த ஒவ்வொரு அடுக்குமாடிக்கும், ஒவ்வொரு மேம்பாலத்துக்கும், கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகும் மெட்ரோ தூண்களுக்கும் மண் துளைத்துப் பார்த்திருக்கிறார்கள். எத்தனை மீட்டரில் கொட்டிய மண் முடிகிறது, எத்தனை மீட்டரில் கருங்களி, சிப்பி இருந்ததா என்றெல்லாம் ஒவ்வொரு துளைக்கும் ஒரு பக்கம் எழுதிவைக்கிறார்கள். எந்தக் கப்பலும் வேண்டாம். நான் அறிந்தவரை இவ்வளவு நெருக்கமாக எந்தக் கடலடியையும் யாரும் துளைத்ததில்லை. தூண் எழும்பியதும் அந்தக் கோப்பு அலமாரிக்குப் போகிறது; அலமாரி நிறைந்ததும் பழைய பேப்பர்காரருக்கு.

அதை ஒன்றாகச் சேர்த்து வரைந்தால், எங்கெல்லாம் தண்ணீர் நின்றிருக்கிறது என்ற வரைபடம் தெருத் தெருவாகக் கிடைக்கும். தாம்பரம் மாநகராட்சியும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் கட்டட அனுமதியோடு சேர்த்து அந்தப் பக்கங்களையும் வாங்கிப் பாதுகாத்து, யாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மனை வாங்குகிறீர்கள் என்றால் பத்திரத்தோடு சாயில் டெஸ்ட் அறிக்கையையும் கேளுங்கள். கருங்களி எங்கே தொடங்குகிறது என்ற வரியை முதலில் படியுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், உங்கள் குடியிருப்போர் சங்கத்து பீரோவில் அந்த அறிக்கை கிடக்கிறதா என்று தேடி ஒரு நகல் எடுத்து, கிண்டியிலோ மாநிலக் கல்லூரியிலோ உள்ள நிலவியல் துறைக்குக் கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.